பின் ஆக்ஸிலுக்கு மாற்றுப் பாகம்: எந்த மூட்டில் கழற்றுவது?

பழைய காரின் பின்பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் வர ஆரம்பித்தால் முதலில் டயரைச் சந்தேகப்படுவோம். டயர் மாறும், சத்தம் மாறாது. அடுத்து வீல் பேரிங். அதையும் மாற்றிவிட்டு ஓட்டும்போதுதான் காதில் விழும்: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் இன்னொரு சுருதி. அதற்கு மேலும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது. ஆக்ஸிலின் நடுவில் இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்கள் பக்கம் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி, அதாவது பெரிய கிரவுனும் சிறிய பினியனும் தேய்ந்துவிட்டன.

என் மோரிஸ் மைனர் 1000 என்னை இந்த வழியாகத்தான் கூட்டிப்போனது. 948 சிசி இன்ஜின், 4.55 ரேஷியோ ஆக்ஸில் (கிரவுன் பல் எண்ணிக்கையை பினியன் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது). சத்தம் உறுதியானதும் எல்லோரையும் போல நானும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு அலைந்தேன்: "இதுக்கு எந்த கார் பார்ட் சேரும்?" கேட்டவர்கள் எல்லாரும் பதில் சொன்னார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொன்று. ஒருவர் ஸ்பிரைட் கார் என்றார், ஒருவர் ரைலி கார் என்றார், ஒருவர் ஆக்ஸிலையே தூக்கிப் போடச் சொன்னார். கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது, மூன்று பேர் சொன்னதும் சரி. ஆனால் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு இடத்தில் ஆக்ஸிலைக் கழற்றச் சொல்கிறார்கள்.

பேரிங்கை மட்டும் மாற்றலாம். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்ஸில் ஷாஃப்டை மாற்றலாம். கிரவுன் பினியன் ஜோடியை மாற்றலாம். அந்த ஜோடி உட்கார்ந்திருக்கும் கேரியரை முழுசாக மாற்றலாம். வெளிக்கூடான ஹவுசிங்கோடு மொத்த ஆக்ஸிலையும் மாற்றலாம். ஒவ்வொன்றிலும் புதுப் பாகத்தைப் பழைய வண்டி சந்திக்கும் மூட்டு வேறு. அந்த மூட்டில் எத்தனை அளவுகள் பொருந்த வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் எந்த வழி சுலபம், எது தலைவலி என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரிய பாகத்தை மாற்றுவதுதான் பெரிய வேலை என்று நினைத்தால் ஏமாந்து போவோம். பல சமயம் அது தலைகீழ்.

முதலில் எந்த ஜாதி ஆக்ஸில் என்று பாருங்கள்

பழைய கார்களின் திட ஆக்ஸில்கள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கும். ஒன்று பேன்ஜோ. நடுவில் வட்டமாக உப்பிய ஹவுசிங், அதன் முன்பக்கத்தில் ஸ்டட்களில் மாட்டிய கேரியர். ஷாஃப்டுகளை வெளியே இழுத்துவிட்டு நட்டுகளைக் கழற்றினால் கிரவுன், பினியன், திருப்பத்தில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே உருப்படியாகக் கையில் வந்துவிடும். இன்னொன்று சாலிஸ்பரி வகை. நடுவில் வார்ப்பு, அதன் இருபக்கமும் அழுத்திச் செருகிய குழாய்கள், பின்னால் ஒரு மூடி. இதில் கேரியர் என்று தனியாக எதுவும் கிடையாது. பல்சக்கரங்கள் வார்ப்புக்குள்ளேயே நேராக உட்கார்ந்திருக்கும். அவற்றை வெளியே எடுக்க, வார்ப்பை இம்மி அளவு விரித்துப் பிடிக்கும் கருவி கூட வேண்டியிருக்கும்.

உங்கள் முடிவில் பாதி இந்த இடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. எம்ஜிபி காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் வந்த திறந்த வண்டியில் பேன்ஜோ ஆக்ஸில். 1965இல் வந்த கூரை வைத்த ஜிடியில் ஆரம்பத்திலிருந்தே சாலிஸ்பரி வகைக் குழாய் ஆக்ஸில். திறந்த வண்டிக்கு அது 1967இல் வந்தது. இரண்டிலும் ரேஷியோ ஒன்றுதான், 43க்கு 11 பல், அதாவது 3.909. பேட்ஜ் ஒன்று, மாடல் ஒன்று, ரேஷியோ ஒன்று. ஆனால் ஒன்றின் கிரவுன் இன்னொன்றில் சேராது. "எம்ஜிபி பார்ட் இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த எம்ஜிபி என்று கேட்காமல் பையைத் திறக்காதீர்கள். போதாக்குறைக்குக் குழாய் ஆக்ஸிலிலேயே கம்பிச் சக்கர வண்டியின் ஹவுசிங் சாதாரணச் சக்கர வண்டியினுடையதைவிடக் குட்டை.

இதற்கு நேர்மாறான உதாரணம் கிரைஸ்லரின் 8¾ அங்குல ஆக்ஸில். 1957 முதல் 1974 வரை ஓடிய இதன் கேரியர் வார்ப்புகளை எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து 741, 742, 489 என்று அழைப்பார்கள். பினியன் தண்டின் கனம் முறையே 1⅜, 1¾, 1⅞ அங்குலம். ஒன்றின் பினியனை இன்னொன்றில் போட முடியாது. ஆனால் மூன்றில் எந்தக் கேரியரையும் முழுசாகத் தூக்கி எந்த 8¾ ஹவுசிங்கிலும் மாட்டலாம். உள்ளே கழற்றினால் மூன்று குடும்பம், வெளியே கழற்றினால் ஒரே குடும்பம். நான் மூட்டு மூட்டு என்று பிடித்துக்கொண்டு தொங்குவது இதனால்தான்.

பேரிங், ஆயில் சீல்

இங்கே காரின் பெயரையே மறந்துவிடலாம். பேரிங்குக்கு அதன் எண்தான் பெயர். 6206 என்றால் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மி.மீ. எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். எண் அழிந்திருந்தால் வெர்னியரை வைத்து மூன்று அளவு எடுத்தால் போதும், பட்டியலில் கிடைத்துவிடும். கூம்பு ரோலர் பேரிங்கில் உள்வளையத்துக்கு ஒரு எண், வெளிவளையத்துக்கு இன்னொரு எண் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, பழைய ஆங்கிலேய வண்டிகளின் அங்குல அளவு பேரிங்குகள். எல்ஜே 1¼ என்றோ ஆர்எல்எஸ் 10 என்றோ பொறித்திருந்தால் அளவு 1¼ × 2¾ × 11/16 அங்குலம், மி.மீ. கணக்கில் 31.75 × 69.85 × 17.46. கிட்டத்தட்ட இதே உருவத்தில் இருக்கும் 6306 என்பது 30 × 72 × 19. "கிட்டத்தட்ட" என்ற சொல்லை நம்பி ஹவுசிங்கைக் கடைந்துவிட்டு, ஷாஃப்டையும் தேய்த்துச் சிறிதாக்க நேர்ந்தவர்கள் உண்டு. அங்குல பேரிங்குகள் இன்றும் தயாராகின்றன. கொஞ்ச நாள் காத்திருந்து அதையே வாங்குங்கள். இரண்டாவது, எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகள். உள் இடைவெளி கூடுதலா, பக்கத்தில் ரப்பர் மூடி உண்டா, வெளிவளையத்தில் கிளிப் உட்காரப் பள்ளம் உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆக்ஸில் ஆயிலிலேயே மிதந்து ஓட வேண்டிய பேரிங்குக்கு இருபக்கமும் மூடிய பேரிங்கைப் போட்டால் உள்ளே வைத்த கிரீஸ் தீரும் வரைதான் ஓடும்.

ஆயில் சீல் இன்னும் எளிது. ஷாஃப்ட் விட்டம், குழி விட்டம், அகலம், அவ்வளவுதான். தோலும் ஃபெல்ட்டும் இருந்த இடத்தில் இன்று அதே அளவு ரப்பர் சீலைப் போட்டுவிடலாம், ஒழுகல் குறையும். ஆனால் பழைய சீல் ஷாஃப்டில் பள்ளம் தோண்டி வைத்திருந்தால் எந்தப் புதுச் சீலும் நிற்காது. அந்த இடத்தில் மெல்லிய எஃகு உறை ஒன்றை ஏற்றிவிட்டு சீல் போட வேண்டும்.

ஒரு சின்ன விஷயம், மைனரிலும் அதன் உறவுக்கார ஆக்ஸில்களிலும் பலர் தவறவிடுவது. ஹப்பில் பேரிங்கை அடித்து இறக்கியபின், கேஸ்கெட் வைத்த நிலையில் பேரிங் பக்கத்து வளையம் ஹப்பின் முகத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் 1 முதல் 4 பங்கு வரை துருத்தி நிற்க வேண்டும். அப்போதுதான் ஷாஃப்டின் முனைத் தட்டான ஃபிளாஞ்ச் பேரிங்கைப் பிடிக்கும். கேஸ்கெட்டுக்குப் பதில் தடித்த காகிதத்தை வெட்டி வைத்தால் துருத்தல் காணாமல் போகும், பேரிங் உள்ளே ஆட ஆரம்பிக்கும்.

ஆக்ஸில் ஷாஃப்ட்

ஷாஃப்டுக்கு இரண்டு முனை. உள்முனையில் ஸ்பிளைன், அதாவது நீளவாட்டில் வெட்டிய பல் வரிகள். வெளிமுனையில் ஃபிளாஞ்சோ, கூம்பும் அதைப் பூட்டும் சாவித்துண்டுமோ. நடுவில் நீளம். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இதில் ஸ்பிளைன்தான் ஆளை ஏமாற்றும். பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்துவிட்டால் சேரும் என்று நினைத்துவிடுகிறோம். வெளிவிட்டமும் பல்லின் சாய்வும் வேறாக இருக்கலாம். எனக்கு ஒருமுறை தபாலில் வந்த ஷாஃப்ட் எண்ணிக்கையில் மிகச் சரி, கையால் தள்ளினால் டிஃபரன்ஷியலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. ரொம்ப வழுக்கிக்கொண்டு போனது. திருப்பிப் பார்த்தால் கடிகார முள் மாதிரி ஆடியது. விற்றவர் மேல் குற்றமில்லை, நான் கேட்டதும் பல் எண்ணிக்கையை மட்டும்தான்.

ஒரே குடும்பத்துக்குள்ளும் எச்சரிக்கை வேண்டும். ஃபோர்டின் புகழ்பெற்ற 9 அங்குல ஆக்ஸில் 1957 முதல் 1986 வரை எத்தனையோ கார்களிலும் டிரக்குகளிலும் ஓடியது. அதிலேயே 28 ஸ்பிளைன் ஷாஃப்டும் உண்டு, 31 ஸ்பிளைன் ஷாஃப்டும் உண்டு. கேரியர் கிடைத்த சந்தோஷத்தில் அதில் ஷாஃப்ட் செருகும் பக்கப் பல்சக்கரம் எத்தனை ஸ்பிளைன் என்று பார்க்காமல் வந்தால் பாதி வேலையோடு நிற்க வேண்டியதுதான்.

எவ்வளவு துணிச்சலாக இருக்கலாம் என்பது ஷாஃப்ட் என்ன சுமக்கிறது என்பதைப் பொறுத்தது. முழு மிதவை ஆக்ஸிலில் வண்டியின் பாரத்தை ஹவுசிங்கும் ஹப்பும் தாங்கும், ஷாஃப்ட் சுழற்றுவதோடு சரி. முக்கால் மிதவையிலும் பாரம் ஹவுசிங் மேல்தான். மைனர் அப்படித்தான், ஷாஃப்ட் உடைந்தால் வண்டி நிற்கும், சக்கரம் இருக்கும். அரை மிதவையில் சக்கரமே ஷாஃப்டில்தான் தொங்குகிறது. உடைந்தால் சக்கரம் உங்களை முந்திக்கொண்டு போகும். ஆகவே அரை மிதவை வண்டிக்குப் பழைய ஷாஃப்ட் வாங்குவதென்றால், விரிசல் காட்டும் சாயப் பரிசோதனை இல்லாமல் நான் மாட்ட மாட்டேன். ஸ்பிளைன் வரிகள் நேர்கோடாக இல்லாமல் லேசாக முறுக்கிக்கொண்டு தெரிந்தால் பரிசோதனையே வேண்டாம், அப்படியே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

கிரவுன் பினியன் ஜோடி மட்டும்

காகிதத்தில் பார்த்தால் இதுதான் சிக்கனம். தேய்ந்தது இரண்டு பல்சக்கரம், அதை மட்டும் மாற்றுவோம் என்று தோன்றும். எனக்கு மிகக் குறைவாகப் பிடித்த வழியும் இதுதான்.

கிரவுனும் பினியனும் கல்யாணமாகி வந்த ஜோடி. தயாரிப்பிலேயே ஒன்றோடொன்று ஓடவிட்டு உரசிச் சேர்த்து, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். எண் வேறாக இருந்தால், ஒவ்வொன்றும் புதுசாகவே இருந்தாலும், சேர்த்து ஓட்டினால் ஊளைதான். பினியன் தலையில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஓர் எண் இருக்கும். பினியன் எந்த ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதில் அந்தப் பினியனுக்கு மட்டும் உரிய திருத்தம் அது. சில கிரவுன்களின் முதுகில் அந்த ஜோடிக்கான பிளே (பற்களுக்கிடையே விடும் இடைவெளி) அளவும் பொறித்திருக்கும். இத்தனையையும் படித்து, மெல்லிய தகடான ஷிம் வைத்து ஆழத்தைச் சரிசெய்து, பினியன் பேரிங்கின் இறுக்கத்தை வைத்து, டயல் கேஜில் பிளே பார்த்து, பல்லில் வண்ணம் தடவிச் சுற்றித் தடம் எங்கே விழுகிறது என்று பார்த்து, தடம் பல்லின் ஓரத்தில் விழுந்தால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நாமே பொறுமையாகச் செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் இந்த ஒரு மூட்டில்தான் ஆக்ஸிலின் மொத்தச் சங்கதியும் இருக்கிறது, நாம் போய் அதே மூட்டைத்தான் அவிழ்க்கிறோம்.

சாலிஸ்பரி வகை ஆக்ஸில் உள்ளவர்களுக்கு இதிலிருந்து தப்ப வழி குறைவு. ஒன்று இந்த வேலை, இல்லாவிட்டால் முழு ஆக்ஸில். பேன்ஜோக்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இங்கே ஆயிலையும் ஒரு பாகமாகவே கணக்கில் எடுங்கள். பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே இறங்கி நிற்கும் ஹைபாய்டு வகைப் பற்கள் 1920களின் பிற்பாதியில் பேக்கார்ட் வழியாகக் கார்களுக்கு வந்தன. அவற்றின் பற்கள் உருண்டுகொண்டே பக்கவாட்டில் வழுக்கவும் செய்வதால் ஜிஎல்-5 மாதிரியான கடும் அழுத்த ஆயில் தேவை. அதே ஆயிலை பெஜோ 403, 404இன் வார்ம் (திருகுப் பல்) ஆக்ஸிலில் ஊற்றிவிடக் கூடாது, அதன் வெண்கலச் சக்கரத்தை ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அரித்துவிடும். வேறு வகைப் பல்லுள்ள கேரியருக்கு மாறினால் ஆயிலும் மாறுகிறது என்று டிக்கியின் மூடிக்குள் ஒரு சீட்டு ஒட்டிவைப்பது நல்லது. அடுத்து வரும் மெக்கானிக்குக்குத் தெரியாது.

கேரியரை முழுசாக மாற்றுவது

இப்போது என் மைனருக்கு வருகிறேன். 1948இல் வந்த முதல் மைனர்களின் ஆக்ஸில் வேறு. 1952இல் ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்து பிஎம்சி ஆன பிறகுதான் ஆஸ்டின் பக்கத்து ஏ வகை ஆக்ஸில் மைனருக்குள் வந்தது. அதே ஆக்ஸிலின் சகோதரம்தான் 1958இல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டுக்கும் பின்பு எம்ஜி மிட்ஜெட்டுக்கும் போனது. குடும்ப வண்டிக்கும் ஸ்போர்ட்ஸ் வண்டிக்கும் ஒரே கேரியர். மாட்டும் ஸ்டட்கள் ஒன்று, மைனரின் ஷாஃப்டுகள் அப்படியே உள்ளே போகின்றன. ரேஷியோ மட்டும் வகை வகையாக இருக்கிறது.

பொருந்த வேண்டியவற்றை எண்ணிப் பாருங்கள். ஸ்டட் வட்டம், ஷாஃப்ட் ஸ்பிளைன், கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஃபிளாஞ்ச். முடிந்தது. உள்ளே இருக்கும் ஷிம், பிளே, தடம் எல்லாம் தொழிற்சாலையில் வைத்தபடி அப்படியே வருகின்றன. கிரவுன் பினியனை மட்டும் வாங்கும்போது நாம் அவிழ்க்கிற அந்தக் கடினமான முடிச்சை இங்கே தொடுவதே இல்லை. எடை கூடுதல், வேலை குறைவு.

ஆகவே கேள்வி எது சேரும் என்பதிலிருந்து எந்த ரேஷியோ வேண்டும் என்பதற்கு நகர்ந்துவிட்டது. என்னுடையது 41க்கு 9 பல், 4.55. பிற்காலத்து 1098 சிசி மைனரிலும் ஆரம்பகால ஸ்பிரைட்டிலும் 38க்கு 9, அதாவது 4.22. 1275 சிசி மிட்ஜெட்டின் பிற்பகுதியில் 39க்கு 10, அதாவது 3.9. கடைசிக் கால 1500 மிட்ஜெட்டில் 41க்கு 11, சுமார் 3.73. இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 4.55ஓடு போகும் அதே வேகத்துக்கு, 4.22 இருந்தால் சுமார் 3700 போதும். 3.9க்கு 3420. 3.73க்கு 3270. நீண்ட பயணத்தில் காதுக்கு இது பெரிய நிம்மதி.

3.73 ஆசை எனக்கும் வந்தது. ஆனால் என் 948 இன்ஜினின் சக்தி 37 குதிரை. அதை வைத்துக்கொண்டு நாலு பேரை ஏற்றி ஏற்றத்தில் போனால் டாப் கியர் வெறும் அலங்காரம்தான், மூன்றாவதிலேயே ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும். 1275 இன்ஜின் ஏற்றிய மைனருக்கு 3.9ஓ 3.73ஓ சரி. 1098க்கு 3.9 வரை போகலாம். 948க்கு 4.22தான் என் தீர்ப்பு. இன்னொன்றும் இருக்கிறது, ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிறது, அதற்கு ஆக்ஸில் மாறியது தெரியாது. 4.22இலிருந்து 3.73க்குப் போன வண்டியில் முள் 60 காட்டும்போது உண்மையில் 68 போய்க்கொண்டிருப்பீர்கள்.

இதே தர்க்கம் எம்ஜிஏ வைத்திருப்பவர்களுக்கும் உதவும். 4.3 ரேஷியோவோடு வந்த அந்த வண்டிக்குப் பழைய எம்ஜிபியின் பேன்ஜோ கேரியரைத் தேடிப்பிடித்து 3.909 ஆக்கிக்கொள்வது வெகுநாள் பழக்கம். அங்கே ஷாஃப்ட் ஸ்பிளைனும் பக்கப் பல்சக்கரமும் ஒத்துப்போகின்றனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் பக்கப் பல்சக்கரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். பிஎம்சி பாகங்களின் எண்ணில் முன்னால் வரும் எழுத்துகளும் துப்புக் கொடுக்கும். ஏடிஏ என்றால் ஏ வகை ஆக்ஸில், ஏடிபி என்றால் பி வகை. இரண்டு மாடல்களின் பாகப் பட்டியலிலும் ஒரே எண் இருந்தால் அதைவிட உறுதியான சாட்சி வேறு கிடையாது. அமெரிக்க வண்டிகளுக்கு உடைப்புக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஹாலண்டர் இன்டர்சேஞ்ச் பட்டியல் இந்த வேலையைச் செய்கிறது. 1920களின் வண்டிகளுக்கு வேறு ஒரு வழி: அப்போது சிறிய கம்பெனிகள் பலவும் ஆக்ஸிலை வெளியே வாங்கித்தான் மாட்டின. கார் பெயரை விட்டுவிட்டு ஹவுசிங்கைச் சுரண்டி டிம்கன் டெட்ராய்ட், கொலம்பியா, சாலிஸ்பரி என்று ஏதாவது தெரிகிறதா பாருங்கள். உங்கள் காருக்கு உறவே இல்லாத இன்னொரு காரின் பெயரில் அதே ஆக்ஸில் எங்கேயாவது கிடக்கலாம்.

காயலான் கடையில் கேரியரைக் கண்டால் என்ன செய்வது? விற்பவர் சொல்லும் ரேஷியோவை நம்ப வேண்டாம். நாமே கிரவுன் பல்லை எண்ணி பினியன் பல்லால் வகுத்துவிடலாம். பிறகு நகத்தால் பல்லைத் தடவிப் பார்க்க வேண்டும், மிதிக்கும் பக்கம் சொரசொரப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் அது நம்முடையதைப் போலவே ஊளையிடும். ஃபிளாஞ்சைப் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் அசையக் கூடாது, திருப்பினால் சின்ன பிளே மட்டும் இருக்கலாம்.

கழற்றிச் சேர்ப்பதில் ஒரு வேடிக்கையான ஆபத்தும் உண்டு. ஃபோர்டு மாடல் டி ஆக்ஸிலைக் கழற்றிச் சேர்க்கும்போது கிரவுனைத் தவறான பக்கத்தில் வைத்துவிட்டால் வண்டிக்கு முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக இரண்டு கியர் கிடைக்கும். உங்களுடையதில் கிரவுன் எந்தப் பக்கம் என்று கழற்றும் முன்பே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்த ஆக்ஸிலையும் மாற்றினால்

உள்ளே எதுவும் சேர வேண்டியதில்லை, எல்லாம் சொந்த ஜோடி. அதற்குப் பதிலாக வெளியே எல்லாம் சேர வேண்டும். ஒரு பக்க ஹப் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை அகலம், லீஃப் ஸ்பிரிங் உட்காரும் மேடைகளின் இடைவெளி, சக்கர போல்ட் வட்டம், பினியன் நடுவிலா ஒதுங்கியா, அதன் சாய்வுக் கோணம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளமும் ஃபிளாஞ்சும், ஷாக் அப்சார்பர் காது, ஹேண்ட் பிரேக் கேபிள். ஒவ்வொன்றும் ஒரு நாள் வேலை. பிரேக்கை இந்த வரிசையில் கடைசியில் நினைக்கிறவர்கள்தான் அதிகம். பெரிய வண்டியின் பின் ஆக்ஸில் பெரிய வீல் சிலிண்டரோடு வரும். முன் பிரேக் பழையபடியே இருக்க, ஈரச் சாலையில் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பி நிற்கும்.

மைனருக்கு இதில் ஒரு நல்ல வழி உண்டு. வுல்ஸ்லி 1500ம் ரைலி 1.5ம் மைனரின் அடித்தளத்தின் மேலேயே கட்டப்பட்டவை. அவற்றின் பி வகை ஆக்ஸில் கனமானது, ரேஷியோ 3.73. பெரிய இன்ஜின் ஏற்றுகிறவர்களுக்கு இது உண்மையான பதில். எனக்கு ரைலியைச் சொன்னவர் அதை மனதில் வைத்துத்தான் சொல்லியிருக்கிறார். 37 குதிரைக்கு அது தேவையில்லை.

சேஸிஸைத் தொடும் முன் இன்னொன்றைப் பாருங்கள். உங்கள் வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் திறந்து ஓடுகிறதா, குழாய்க்குள் ஓடுகிறதா? ஃபோர்டு 1948 வரையும், செவ்ரலே 1954 வரையும், ப்யூக் 1960 வரையும் குழாய்க்குள் ஓட்டின. வண்டியை முன்னே தள்ளும் விசையையும், ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளப் பார்ப்பதையும் அந்தக் குழாய்தான் தாங்குகிறது. அந்த வண்டியில் திறந்த ஷாஃப்ட் ஆக்ஸிலை மாட்டினால் குழாய் செய்த வேலைக்கு வேறு ஆள் வேண்டும், அதாவது புது ஸ்பிரிங் அமைப்போ இழுவைக் கம்பிகளோ. பாகம் மாற்றப் போய் வண்டியையே மறுவடிவமைத்துக்கொண்டிருப்போம். இதில் அனுபவம் இல்லாதவர்கள் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஹவுசிங்கை வெட்டிக் குறுக்கி வெல்டிங் வைப்பதும் அப்படியே. உள்ளே நேர்க்கம்பி விட்டு மையம் பிடிக்காமல் வைத்த வெல்டிங் பேரிங்கையும் சீலையும் தின்றுகொண்டே இருக்கும்.

புதிதாகச் செய்துகொள்வது

ஃபோர்டு மாடல் ஏ மாதிரி ரசிகர் கூட்டம் பெரிதாக உள்ள வண்டிகளுக்குக் கிரவுன் பினியன் முதற்கொண்டு புதிதாகவே தயாராகிறது. அதன் வழக்கமான 3.78க்குப் பதில் 3.54 வேண்டுமென்றாலும் கிடைக்கும். மற்றவர்களுக்கு, ஷாஃப்டைச் செய்யச் சொல்லலாம். இஎன்24 எஃகில் கடைந்து, ஸ்பிளைன் வெட்டி, முறையாகச் சூடேற்றிக் கடினப்படுத்தினால் பழையதைவிட உறுதியாகவே இருக்கும். கடினப்படுத்தாத ஷாஃப்டைப் பளபளவென்று கொண்டுவந்து தருகிறவர்களும் இருக்கிறார்கள், அது சில மாதங்களில் முறுக்கிக்கொள்ளும். பல்சக்கர ஜோடியை ஒரே ஒரு வண்டிக்காக வெட்டச் சொல்வது, வேறு எதுவுமே கிடைக்காத அபூர்வ வண்டிக்கு மட்டும்.

அசல் தன்மை பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான எஃப்ஐவிஏ, குறைந்தது 30 வயதும் வரலாற்று ரீதியாகச் சரியான நிலையும் இருந்தால்தான் அதை வரலாற்று வாகனம் என்கிறது. கேரியர் மாற்றத்தைத் திருப்பிவிட முடியும், நட்டுகளைக் கழற்றினால் பழைய நிலை. ஸ்பிரிங் மேடையை வெட்டி வெல்டிங் வைத்தால் திரும்பி வர முடியாது.

நான் கடைசியில் 1098 மைனரின் 4.22 கேரியரைப் போட்டேன். ஷாஃப்டுகளை இழுத்து, ஆயிலை வடித்து, பழையதை இறக்கிப் புதியதை ஏற்ற ஒரு பகல் பொழுது ஆனது. புதுக் கேஸ்கெட், நான்கு புது நட்டுகள், இரண்டு ஆயில் சீல். முதல் ஓட்டத்தில் அரை மணி நேரம் கழித்து இறங்கி ஹவுசிங்கைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்கும் அளவுக்குத்தான் சூடு. சத்தம் முழுசாகப் போகவில்லை, காலை எடுக்கும்போது மெல்லிய முனகல் ஒன்று இருக்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் கேட்காது. பழைய கேரியர் எண்ணெய்த் துணி சுற்றி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. மேலே சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்: "4.55, 41/9, ஊளை, எறியாதே."